காட்டுக்காக 36 கிலோமீட்டர்: நடப்பதைவிடக் கவனம் வேண்டியது பணத்தில்

சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி சுமந்து நடக்கும் சமூகத்துக்கு, ஒரு நோக்கத்துக்காக உடலை வருத்துவது புதிதல்ல. அதே உழைப்பை ஒரு காட்டுக்கோ சதுப்புநிலத்துக்கோ நிதி திரட்டப் பயன்படுத்தும் வழக்கமும் உலகில் பல ஆண்டுகளாக இருக்கிறது. கென்யாவின் லேவா வனவிலங்குக் காப்பகத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய மாரத்தானில், காண்டாமிருகங்கள் உலவும் நிலத்திலேயே மக்கள் ஓடுகிறார்கள். விலங்குகள் ஓட்டப் பாதைக்கு வராதபடி வானிலிருந்து ஹெலிகாப்டர் கண்காணிக்கும். ஹாங்காங்கில் 1984 முதல் நடக்கும் பறவைப் போட்டியில், கொடுத்த நேரத்துக்குள் யார் அதிகப் பறவை இனங்களைக் காண்பது என்று குழுக்கள் அலைகின்றன. அதில் சேரும் பணம் மை போ சதுப்புநிலத்துக்குப் போகிறது.

சிங்கப்பூரில் இதற்கு மலை ஏற வேண்டியதில்லை. ஜூரோங் லேக் கார்டன்சிலிருந்து கோனி தீவுப் பூங்கா வரை தேசியப் பூங்காக் கழகம் 2019ல் திறந்த ‘கோஸ்ட் டு கோஸ்ட்’ பாதை 36 கிலோமீட்டர். பழைய மலாயா ரயில் தடத்தில் அமைந்த ‘ரயில் காரிடார்’ 24 கிலோமீட்டர். அந்தத் தடத்தில் கடைசி ரயில் ஓடியது 2011 ஜூன் 30. அதற்கு முந்தைய ஆண்டே, தண்டவாளத்தை எடுத்தாலும் பசுமையை எடுக்காதீர்கள் என்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் அரசிடம் முன்மொழிவு கொடுத்திருந்தது. இன்று அங்கே காலாற நடப்பவர்களில் பலருக்கு அது தெரியாது.

‘கோஸ்ட் டு கோஸ்ட்’ பாதை தீவின் நடுவிலுள்ள நீர்ப்பிடிப்புக் காடுகளை ஒட்டிப் போகிறது. அந்தக் காடுகளின் ஒரு பகுதி குழிப்பந்துத் திடலாகியிருக்க வேண்டியது. லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டை அழித்துத் திடல் அமைக்கும் திட்டம் 1990களின் தொடக்கத்தில் வந்தபோது, இயற்கைச் சங்கத்தினர் அங்குள்ள உயிரினங்களைக் கணக்கெடுத்து 1992ல் விரிவான அறிக்கை தந்தனர். 17,000க்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டனர். திட்டம் கைவிடப்பட்டது. அந்தத் தலைமுறை ஆர்வலர்களில் சுபராஜ் ராஜதுரையும் ஒருவர். பட்டம் ஏதுமின்றித் தாமாகவே கற்று, நாட்டின் முன்னணி இயற்கை வல்லுநராக மதிக்கப்பட்டவர். சுங்கை பூலோ, லோயர் பியர்ஸ் எனப் பல இடங்களைக் காக்கும் முயற்சிகளில் பங்கெடுத்த அவர், 2019 அக்டோபரில் 56வது வயதில் காலமானார். ஒரு தமிழர் இப்படி வாழ்ந்தார் என்பது நம் பிள்ளைகளுக்குப் போதிய அளவு சொல்லப்படவில்லை.

நடையைத் திட்டமிடும் பேட்டைக் குழுக்களும் நண்பர் வட்டங்களும் தடுக்கி விழக்கூடிய இடம் பணம். ஒருவர் கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளி என்று ஒப்புக்கொண்டால் அவர் தருவது 36 வெள்ளி. அப்படி இருபது பேர் சேர்ந்தால் 720 வெள்ளி. இதைத் தம் வங்கிக் கணக்கிலோ பேநவ் எண்ணிலோ வாங்கி, பிறகு மொத்தமாகக் கட்டிவிடலாம் என்று நினைப்பதுதான் பலரின் இயல்பு. அது நல்ல வழியல்ல. கணக்குக் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. நன்கொடையாளருக்கு வரிக்கழிவும் கிடைக்காது.

‘கிவிங் டாட் எஸ்ஜி’ தளத்தில், பதிவுபெற்ற அறநிறுவனம் ஒன்றுக்காகத் தனிநபரும் நிதித்திரட்டுப் பக்கம் தொடங்க முடியும். பணம் நேரே அந்த நிறுவனத்துக்குப் போகும். நடப்பவர் கையில் ஒரு காசும் படாது. தேசியப் பூங்காக் கழகத்தின் அறநிதியான ‘கார்டன் சிட்டி ஃபண்ட்’ போல ‘ஐபிசி’ தகுதி உள்ள அமைப்புக்குத் தரும் நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. இந்தச் சலுகை 2023 வரவுசெலவுத் திட்டத்தில் 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. நூறு வெள்ளி கொடுத்தால் வரிக்குரிய வருமானத்தில் 250 வெள்ளி குறையும். 7 விழுக்காட்டு வரிப் படியில் இருப்பவருக்கு இதனால் மிச்சம் 17 வெள்ளி 50 காசு. அடையாள அட்டை எண்ணைக் கொடுத்திருந்தால்தான் இது தானாகக் கணக்கில் ஏறும். ரசீதை எடுத்து வைத்துப் பயனில்லை. ஓட்டப் பந்தயத்துக்குக் கட்டும் பதிவுக் கட்டணம் நன்கொடை ஆகாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

தேக்கா சந்தை வாசலிலோ கேம்பல் லேனிலோ உண்டியலோடு நிற்பது வேறு விஷயம். தெருவிலும் வீடு வீடாகவும் பணம் திரட்ட உரிமம் வேண்டும். நோக்கம் நல்லதாக இருப்பது உரிமத்துக்கு ஈடாகாது.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு உதவ நினைப்பவர்களும் நம்மிடையே உண்டு. நீலகிரியிலோ வால்பாறையிலோ வேர் உள்ளவர்களுக்கு அது இயல்பான ஆசை. ஆனால் வெளிநாட்டு அறப்பணிக்காக இங்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி தேவை. திரட்டும் தொகையில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே பயன்பட வேண்டும் என்பது பொது விதி. அதிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அந்தப் பக்கமும் கெடுபிடி உண்டு. வெளிநாட்டுப் பணம் வாங்கும் இந்திய அமைப்பு, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதற்கென ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் கணக்கும் வேண்டும். முதல் முயற்சிக்கு உள்ளூர்க் காட்டையே தேர்ந்தெடுப்பது எளிது. அதற்குத் தேவையும் இருக்கிறது. சிங்கப்பூரில் எஞ்சியுள்ள ராஃபிள்ஸ் பட்டை லங்கூர் குரங்குகள் நூற்றுக்கும் குறைவு.

இனி நடை. மணிக்கு நான்கு கிலோமீட்டர் என்றாலும் 36 கிலோமீட்டருக்கு ஒன்பது மணிநேரம், ஓய்வு தனி. இங்கு ஆளைச் சாய்ப்பது தூரத்தைவிட ஈரப்பதம் கலந்த வெக்கைதான். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் ‘மைஎன்வி’ செயலியில் வெப்ப அழுத்த அளவைப் பார்க்கலாம். 33 டிகிரியும் அதற்கு மேலும் ‘உயர்’ நிலை. அப்போது நிழலில் உட்கார்ந்துவிடுவதே புத்திசாலித்தனம். குடிநீரோடு உப்புச்சத்துப் பானமும் வேண்டும். புதுக் காலணியை அன்றுதான் முதலில் போடுவது கூடாது. பெரிய கூட்டமாகப் பூங்காவில் நிகழ்ச்சி நடத்துவதாக இருந்தால் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

ஞாயிறு மட்டுமே விடுப்பு உள்ள ஊழியர்கள் பாதையை இரண்டாகப் பிரித்து, ஒரு வாரம் பிஷான்-அங் மோ கியோ பூங்கா வரையிலும், மறுவாரம் அங்கிருந்து பொங்கோல் வழியாகக் கோனி தீவு வரையிலும் நடக்கலாம். நிதித்திரட்டுப் பக்கத்தில் அதை முதலிலேயே எழுதிவிட்டால் போதும். பணம் தருபவர்கள் ஒரே நாளில் முடித்தீர்களா என்று கேட்பதில்லை.