பில் மெசினும் கடைப் பொடியனும்

பதுளை பஸாரில் பில் எழுதுவது ஒரு தனி வேலையாக இருந்தது. காதில் பேனையைச் செருகிக்கொண்டு, பருப்பு, சீனி, மா என்று சொல்லச் சொல்ல மனதுக்குள்ளேயே கூட்டிவிடுவார்கள். இப்போது அந்த இடத்தில் ஸ்கேனர். விலை போடுவது, கூட்டுவது, ஸ்டொக் பார்ப்பது மூன்றும் ஒரே மெசினில் முடிகிறது. சாப்பாட்டுக் கடைகளில் மா பிசைய ஒரு மெசின், இடியப்பம் பிழிய இன்னொன்று. கொத்துத் தட்டுகிறவர் மட்டும் தப்பியிருக்கிறார். அந்தச் சத்தத்துக்கே ஆள் வருகிறதல்லவா.

வேலை போவது பெரும்பாலும் பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து டவுனுக்கு இறங்கிவந்த பிள்ளைகளுக்குத்தான். மலையிலும் கொழுந்து வெட்ட மெசின் வந்துவிட்டதால் திரும்பிப் போனாலும் வேலை குறைவு. "தம்பி, அடுத்த மாசம் வரத் தேவையில்ல" என்றால், "சரிங்க மொதலாளி" என்று பையைத் தூக்குவதோடு கதை முடிந்துவிடுகிறது.

சட்டப்படி அது அப்படி முடிவதில்லை. ஒழுக்கக் குற்றமல்லாத காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ, தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். மெசின் வாங்கியதால் ஆள் மிச்சம் என்பதும் இதற்குள் அடங்கும். ஆனால் 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு இச்சட்டம் செல்லாது. நம்மவர் கடைகளில் எத்தனையில் 15 பேர் இருக்கிறார்கள்?

அதற்காகச் சின்னக் கடை முதலாளி தப்பிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, நிறுத்தப்பட்டவர் தொழில் நியாய சபைக்குப் போகலாம். ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். பலர் கோட்டை விடுவது இதில்தான். ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு, 15 பேருள்ள இடமென்றால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை உண்டு. அதைவிடச் சிறிய கடையென்றாலும் பணிக்கொடை கேட்டு அதே சபைக்கு மனுப்போடலாம். ஊழியர் சேமலாப நிதிக்கோ இந்த 15 கணக்கே கிடையாது. ஒரேயொரு ஆள் நின்றாலும் சம்பளத்தில் 8 சதவீதம் அவருடையது, 12 சதவீதம் முதலாளியுடையது, கட்டியே ஆகவேண்டும்.

இத்தனையும் நிற்பது ஒரு கடதாசியில். அது இல்லையென்றால் எத்தனை வருடம் நின்றான் என்பதை நிரூபிக்கவே பொடியன் அலையவேண்டும். "நம்ம வீட்டுப் புள்ள மாதிரி, அவனுக்கு எதுக்குக் கடிதம்?" என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், நிறுத்துகிற அன்றைக்குத்தான் அவன் வேற்று வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறான். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபிமொழியை ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து கடை திறக்கிறவர்கள்தான் நாம். கடை, காரியாலய ஊழியர் சட்டமோ 1954இலேயே வந்துவிட்டது. ஆளைச் சேர்க்கும்போதே வேலை விபரத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது அது. பெயர், வேலை, சம்பளம், சேர்ந்த திகதி; ஸ்கேனர் வாங்கும்போது முதலாளி கையெழுத்துப் போடும் கடதாசிகளைவிட இது சின்னது.