பீரோவில் உறங்கும் பழைய கேமரா: பின்மூடியைத் திறக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கடந்த நோன்புப் பெருநாள் விடுமுறையில் காவேரிப்பாக்கத்தில் பெரியத்தா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். பீரோவின் மேல்தட்டில் பழைய துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு தோல் பெட்டியைப் பிள்ளைகள் இறக்கினார்கள். உள்ளே ஒரு யாஷிகா எலக்ட்ரோ 35. பெரியத்தா ஜித்தாவில் வேலை பார்த்தபோது வாங்கி வந்தது. "என்ன பெரியத்தா, இவ்வளவு கனமா இருக்கு?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் பத்து வயதுப் பையன் ஒருவன் பின்மூடியைத் திறந்துவிட்டான். உள்ளே ஃபிலிம் ரோல் இருந்தது. எண்ணிக்கைக் காட்டி 22-ஐத் தொட்டிருந்தது.

பதறிப்போய் மூடினோம். அந்த ரோல் என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்படி ஒரு கேமரா உங்கள் வீட்டிலும் இருக்க வாய்ப்பு உண்டு. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்தில் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ ஒருவரையாவது அனுப்பாத குடும்பம் குறைவு. வெளிநாட்டுப் பொருட்களின் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலத்தில், ஊர் திரும்புகிறவரின் பெட்டியில் டேப் ரிக்கார்டரோடு இதுவும் வந்தது. அப்படி ஆள் இல்லாதவர்கள் சென்னை பர்மா பஜாரில் வாங்கினார்கள். உள்நாட்டில் எளிதாகக் கிடைத்தது பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3. அது 120 ஃபிலிமில் 12 படம் எடுக்கும் எளிய பெட்டி. அதைக் கையாண்டு பழகியவருக்கு ஜப்பான் கேமரா வேறு உலகமாகத் தெரிந்திருக்கும்.

இது எப்படி வேலை செய்கிறது?

கேமராவின் முன்பக்கத்தில் இரண்டு சிறு கண்ணாடி ஜன்னல்கள் இருக்கும். ஒன்றின் வழியாக நாம் பார்க்கிறோம். சற்றுத் தள்ளியிருக்கும் மற்றொன்று அதே காட்சியைச் சற்று வேறு கோணத்தில் பிடித்து, உள்ளே உள்ள பாதி ஊடுருவும் கண்ணாடி வழியாக முதல் காட்சியின் மேல் போடுகிறது. அதனால் நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு கட்டமும், அதற்குள் இரட்டை உருவமும் தெரியும். லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு உருவமும் நெருங்கி வந்து ஒன்றாகப் பொருந்தும். பொருந்திய இடமே சரியான தூரம். நம் இரண்டு கண்களும் தூரத்தை உணர்வது போன்ற கணக்குதான். ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் தூரம் அளப்பது என்று பொருள்.

இந்த வகையில் லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. அது ஒரு குறை போலத் தோன்றும். ஆனால் விலை குறைவாக இருந்ததற்கும் படம் நன்றாக வந்ததற்கும் அதுவும் ஒரு காரணம். ஒரே லென்ஸுக்காக முழுக் கேமராவையும் வடிவமைத்தார்கள். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே, மெல்லிய இதழ்களாக அமைந்திருக்கிறது. மேலே எழும்பி விழும் கண்ணாடி கிடையாது. எனவே பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்ற மெல்லிய ஓசைதான். தூங்கும் குழந்தைகூட விழிக்காது.

1961-ல் கேனன் நிறுவனம் கேனோனெட்டை வெளியிட்டபோது, ஒரு வாரத்துக்கென்று வைத்திருந்த சரக்கு இரண்டே மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது. மறு ஆண்டு, 1962 பிப்ரவரி 20 அன்று பூமியைச் சுற்றி வந்த முதல் அமெரிக்கரான ஜான் கிளென் விண்கலத்துக்குள் கொண்டுபோனதும் இந்த வகைதான். மினோல்டா ஹைமேட்டிக் கேமராவை அன்ஸ்கோ என்ற பெயரில் அங்கே விற்றார்கள். அதை ஃபுளோரிடாவில் ஒரு மருந்துக் கடையில் சுமார் 40 டாலருக்கு வாங்கினார் அவர். விண்வெளி உடையின் கையுறையோடு பிடிக்க வசதியாக அதைத் தலைகீழாகத் திருப்பிக் கைப்பிடி பொருத்திக் கொடுத்தார்கள். யாஷிகா எலக்ட்ரோ 35 வந்தது 1966-ல். நம் பக்கத்தில் அதிகம் கண்ணில் படும் ஜிஎஸ்என் ரகம் 1973-ஐச் சேர்ந்தது. கேனோனெட் க்யூஎல் 17 ஜி-3 என்பது 1972-ல் வந்தது.

முதலில் ஃபிலிம் இருக்கிறதா என்று பாருங்கள்

பழைய கேமரா கையில் கிடைத்ததும் பின்மூடியைத் திறக்கவே கூடாது. இடது பக்கம் மேலே சுருட்டுப்பிடி ஒன்று மடிந்திருக்கும். அதை விரித்து, அம்புக்குறி காட்டும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். தடையில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் உள்ளே ஒன்றுமில்லை. கொஞ்சம் சுற்றி இறுகி நின்றால் ஃபிலிம் இருக்கிறது. அப்போது கேமராவின் அடியில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி விட்டு, பிடியைப் பொறுமையாகச் சுற்றுங்கள். ஃபிலிம் முழுவதும் டப்பாவுக்குள் போனதும் பிடி தளர்ந்துவிடும். அதன் பிறகும் சந்தேகம் இருந்தால், இரவில் விளக்கை அணைத்து, கனத்த போர்வைக்குள் வைத்துத் திறந்து விரலால் தடவிப் பாருங்கள்.

தவறித் திறந்துவிட்டாலும் எல்லாம் போய்விட்டதாக எண்ண வேண்டாம். எடுத்த படங்கள் வலப்பக்கச் சுருளில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றியிருக்கும். முதலில் எடுத்தவை உள்ளே, கடைசியாக எடுத்தவை வெளியே. வெளிச்சம் முதலில் தின்பது வெளிச்சுற்றுகளைத்தான். உடனே மூடினால் உள்ளே இருப்பவை பிழைக்கலாம்.

பேட்டரிதான் பெரிய குழப்பம்

பலர் "கேமரா செத்துப்போச்சு" என்று சொல்லி எடைக்குப் போடுவது பேட்டரி காரணமாகத்தான். இந்தக் கேமராக்கள் பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டவை. பாதரசம் நஞ்சு என்பதால் அவற்றின் விற்பனையை அமெரிக்கா 1996-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. மற்ற நாடுகளிலும் அவை மறைந்துவிட்டன.

எலக்ட்ரோ 35-க்கு 5.6 வோல்ட் தேவை. இன்று கிடைக்கும் 4எல்ஆர்44 என்ற 6 வோல்ட் பேட்டரி அதற்குப் போதும். அந்தச் சிறு வித்தியாசத்தை அதன் சுற்று தாங்கிக்கொள்கிறது. ஆனால் பேட்டரி பொந்தைவிடச் சிறியது. சுற்றிலும் அட்டையைச் சுருட்டி, மீதி நீளத்துக்குப் பேனா ஸ்பிரிங்கைவிடச் சற்றுப் பெரிய ஸ்பிரிங் ஒன்றை வைத்தால் பொருந்தும். கேனோனெட்டின் கதை வேறு. அதற்கு 1.35 வோல்ட் வேண்டும். சாதாரண 1.5 வோல்ட் பொத்தான் பேட்டரியைப் போட்டால் ஒளிமானி தவறான அளவு காட்டக்கூடும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் பேட்டரி 1.4 வோல்ட். கிட்டத்தட்டச் சரியாக இருக்கும், காது கருவி விற்கும் கடைகளில் கிடைக்கும். என்ன, காற்று பட்டதும் அதன் ஆயுள் குறையத் தொடங்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

பேட்டரியே இல்லாவிட்டாலும் கேனோனெட்டை நாமே வேகம் வைத்து இயக்கலாம். எலக்ட்ரோ அப்படியல்ல. பேட்டரி இல்லையென்றால் நொடியில் 500-ல் ஒரு பங்கு என்ற ஒரே வேகத்தில்தான் அடிக்கும். வீட்டுக்குள் எடுத்தால் கறுப்பாகத்தான் வரும். ஆனால் 400 வேக ஃபிலிம் போட்டு, துளையை 16-ல் வைத்து, நம்மூர் உச்சி வெயிலில் எடுத்துப் பாருங்கள், சரியாக வரும்.

எலக்ட்ரோவுக்கு மட்டும் இன்னொரு நோய் உண்டு. நெம்புகோலை இழுக்கும்போது உள்ளிருந்து 'டக்' என்று ஒரு ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் உள்ளே இருக்கும் ஒரு சிறு ரப்பர் துண்டு மட்கிவிட்டது என்று பொருள். அது போனால் ஷட்டரின் வேகக் கணக்கு குழம்பிவிடும். மேல்மூடியையும் உள்ளே பலவற்றையும் கழற்ற வேண்டிய வேலை இது. தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

பின்மூடியின் ஓரப் பள்ளங்களில் வெளிச்சம் புகாமல் இருக்க ஸ்பாஞ்சு ஒட்டியிருப்பார்கள். நாற்பது ஐம்பது வருடத்தில் அது தார் போல உருகியிருக்கும். பல் குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுச் சுரண்டி எடுங்கள். துணுக்குகள் ஷட்டர் பக்கம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளத்தில் கறுப்பு உல்லன் நூலை வைத்து அழுத்தினாலே போதும். கீல் இருக்கும் பக்கத்துக்குக் கறுப்பு வெல்வெட் துணிப் பட்டை. மொத்தச் செலவு ஒரு டீக்காசு.

ஷட்டர் இதழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் எண்ணெய் விடக் கூடாது. அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன், நிலைமை மோசமானதுதான் மிச்சம். இதழ்கள் காய்ந்தபடி ஓட வேண்டியவை. சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, பலமுறை அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் விடுபடும். அது எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்படியில் வைத்துச் செய்ய வேண்டாம், பிள்ளைகளையும் அருகில் விட வேண்டாம்.

இரட்டை உருவம் பொருந்துவது சரியா என்று பார்க்கத் தொலைவில் ஒரு பொருள் வேண்டும். அதற்குக் காவேரிப்பாக்கம்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பல்லவர் காலத்து ஏரி, தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று, பக்கத்திலேயே இருக்கிறது. கரையில் நின்று வளையத்தை முடிவிலிக் குறிக்குத் திருப்பி, எதிர்க்கரை மரம் ஒன்றைப் பாருங்கள். உருவம் ஒன்றாகத் தெரிந்தால் சரி. இரண்டாகத் தெரிந்தால் உள்ளே ஒரு சிறு திருகைத் திருத்த வேண்டும். ஜப்பான் திருகின் தலை நம் நட்சத்திரத் திருப்புளிக்கு முழுதாகப் பொருந்தாது, அழுத்தித் திருப்பினால் மொட்டையாகிவிடும். அதற்கென்றே வரும் திருப்புளியை வாங்கிவிட்டுத் தொடுங்கள்.

தோல் நமக்குத் தெரிந்த விஷயம்

கேமராவின் உடம்பில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் தோல் அல்ல, தோல் போன்ற வினைல். அது சுருங்கி உதிர்ந்தால் வெளிநாடுகளில் வெட்டிய துண்டுகளை நல்ல விலைக்கு விற்கிறார்கள். தோல் பதனிடும் ஊர்களுக்கு நடுவில் வாழும் நமக்கு அது எதற்கு? மேல்விஷாரத்திலோ ராணிப்பேட்டையிலோ பேர்ணாம்பட்டிலோ தொழிலில் உள்ள ஒருவரிடம் சொன்னால் கைக்குட்டை அளவு ஆட்டுத் தோல் கிடைக்காமல் போகாது. முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம். கனமாக இருந்தால் உள்பக்கத்தைச் சீவித் தரச் சொல்லுங்கள். பழைய உறையைக் கிழியாமல் உரித்து, தாளில் வைத்து வரைந்து, அதையே அச்சாக வைத்து வெட்டலாம். ஒட்டுவதற்கு முன் உலோகத்தில் பச்சை படிந்திருந்தால் சுத்தம் செய்துவிட வேண்டும்.

ஆனால் அதே தோல்தான் லென்ஸுக்கு எதிரி. தோல் பெட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். இருட்டும் ஈரமும் சேர்ந்தால் கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படரும். மூடிய பெட்டிக்குள் வருடக்கணக்கில் வைத்த கேமராக்கள் பெரும்பாலும் இப்படித்தான் கெடுகின்றன. பெட்டியைத் தனியாக வையுங்கள். கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஷூ டப்பாக்களில் வரும் அதே பொட்டலம்தான், ஆம்பூர்ப் பக்கம் அதற்கா பஞ்சம்? பூஞ்சை ஏற்கனவே பிடித்திருந்தால், ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் சம அளவு கலந்து, காற்றோட்டமான இடத்தில் வைத்துத் துடைப்பது பழைய முறை. கண்ணாடியின் பூச்சையே பூஞ்சை அரித்திருந்தால் அந்தத் தழும்பு போகாது. லேசாக இருந்தால் படத்தில் தெரிவதுமில்லை.

ஃபிலிம், கழுவுதல்

ஊட்டியில் 1960-ல் தொடங்கிய அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்தது. இன்று அது இல்லை. வெளிநாட்டு ரோல்தான் வாங்க வேண்டும், விலை சுடும். வண்ண ஃபிலிமைக் கழுவச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்ப வேண்டியிருக்கும். கறுப்பு வெள்ளை என்றால் வெளிச்சம் புகாத ஒரு டப்பா, இரண்டு மூன்று மருந்துகள், தண்ணீர் இவற்றோடு வீட்டுக் குளியலறையிலேயே கழுவலாம். இதில் நம் வீடுகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. வீட்டுப் பெண்களின் படங்களை ஸ்டுடியோக்காரர் கையில் கொடுக்கத் தயங்கியே ரோலைக் கழுவாமல் வைத்த குடும்பங்கள் உண்டு. வீட்டிலேயே கழுவினால் வெளியார் பார்வைக்குப் போவதில்லை.

பெரியத்தாவின் ரோல் கழுவப்படாமல் கிடந்ததற்கும் அதுதான் காரணம் என்று பெரியம்மா பிறகு சொன்னார்கள். அது வண்ண ஃபிலிம். இத்தனை வருடத்தில் வண்ணம் மங்கியிருக்கும் என்பதால் கறுப்பு வெள்ளை மருந்திலேயே கழுவினோம். பழைய வண்ண ஃபிலிமை அப்படிக் கழுவினால் நிறம் வராது, உருவமாவது கிடைக்கும். 22 படங்களில் பிந்தியவை முழுக்கக் கறுத்துவிட்டன, பையன் திறந்த வெளிச்சம். நடுவில் சில அரைகுறை. முதல் ஏழு தேறின. மூன்றாவது படத்தில் தாதிமா திண்ணையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறார்கள், முகம் பாதி திரும்பியிருக்கிறது. தாதிமாவின் படம் என்று எங்கள் குடும்பத்தில் அதுவரை இருந்தது பாஸ்போர்ட்டுக்கு எடுத்த ஒன்று மட்டும்தான்.

பெரியத்தா நெகடிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கேமராவை அந்தப் பையனிடமே கொடுத்து, சுருட்டுப்பிடியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று காட்டினார்.