சாதாரண மாத்திரைதானே என்று சொல்லாமல் விட்ட தாய்மார்கள்

கருவுற்றிருக்கும் ஒரு பெண்ணுக்கு இரவில் தலைவலி வருகிறது. அலமாரியில் பெனடோல் இருக்கிறது. கூடவே அம்மா கொடுத்த கஷாயப் பொடியும், பக்கத்து வீட்டு மாக்சிக் கொடுத்த ஜாமு பொட்டலமும் இருக்கின்றன. எதைச் சாப்பிடலாம்? மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பிரித்துப் பார்த்தால், "கர்ப்பிணிகள் மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்" என்றுதான் எழுதியிருக்கும். இத்தனை வளர்ந்துவிட்ட மருத்துவத்தால் ஒரு சாதாரணக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல முடியவில்லையே, ஏன்?

காரணம் எளிமையானது. புதிய மருந்து ஒன்று சந்தைக்கு வருமுன் மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கப்படுகிறது. ஆனால் அந்தச் சோதனைகளில் கர்ப்பிணிகளைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. வயிற்றில் இருக்கும் சிசுவை வைத்து யாரும் பரீட்சை பார்க்கத் துணிவதில்லை. ஆகவே மருந்து விற்பனைக்கு வந்து, தாய்மார்கள் அதைச் சாப்பிட்டு, குழந்தைகள் பிறந்த பிறகுதான் உண்மை வெளிவருகிறது. அந்த உண்மையைச் சொல்லக்கூடிய முதல் சாட்சி தாய்தான்.

ஹாம்பர்க் நகரில் கேட்ட கேள்வி

1957ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைட் என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கொன்டெர்கான் என்பது அங்கு அதன் வணிகப் பெயர். மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே கடையில் வாங்கலாம். மசக்கை வாந்திக்கும் கர்ப்பிணிகள் அதைச் சாப்பிட்டார்கள். சில ஆண்டுகளில் கை கால்கள் வளராத குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறக்கத் தொடங்கினார்கள்.

ஹாம்பர்க் நகரின் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் 1961இல் இதற்குக் காரணம் தேடினார். பாதிக்கப்பட்ட குழந்தைகளின் பெற்றோரிடம் முதலில் பொதுவான கேள்விப் படிவம் கொடுக்கப்பட்டபோது, 100இல் ஏறக்குறைய 20 பேர்தான் அந்த மருந்தைக் குறிப்பிட்டிருந்தார்கள். பின்னர் மருந்தின் பெயரையே சொல்லி, "இதைச் சாப்பிட்டீர்களா?" என்று அவர் நேரடியாகக் கேட்டபோது அது 50 விழுக்காடாக உயர்ந்தது. முதலில் ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பல தாய்மார்கள் தந்த பதில்: "சாதாரண மாத்திரைதானே, எழுதுமளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டோம்."

1961 நவம்பரில் ஜெர்மனியில் அந்த மருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. அதற்குள் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டார்கள். தாய்மார்களிடம் சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டிருந்தால் எத்தனை பிஞ்சுகள் தப்பியிருக்கும் என்பதே இந்தச் சம்பவம் விட்டுச்சென்ற பாடம்.

சீட்டு ஒன்று சொல்லும், வயிறு ஒன்று சொல்லும்

மருத்துவமனைக் கணினியில் எல்லாம் பதிவாகியிருக்கிறதே, தாயை ஏன் கேட்க வேண்டும் என்று தோன்றலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்தது என்ன என்பதைத்தான் கணினி சொல்லும். அதை வாங்கியவர் விழுங்கினாரா, பயந்து பாதியில் நிறுத்தினாரா என்பது அதற்குத் தெரியாது. கடையில் வாங்கிய இருமல் மருந்தும், கணவரின் பெட்டியிலிருந்து எடுத்த வலி மாத்திரையும், ஜாமுவும் நாட்டு மருந்தும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவற்றைச் சாப்பிட்டவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

இந்த அடிப்படையில்தான் அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டு, வலிப்பு மருந்து சாப்பிடும் கர்ப்பிணிகளுக்கான பதிவேடு ஒன்று மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. கர்ப்பிணிகள் தாங்களே கட்டணமில்லாத் தொலைபேசியில் அழைத்துச் சேர்ந்துகொள்ள வேண்டும். சேரும்போது ஒரு முறை, ஏழாம் மாதத்தில் ஒரு முறை, குழந்தை பிறந்த பின் ஒரு முறை என அவர்களிடம் கேள்விகள் கேட்கப்படும். குழந்தையின் நிலையை உறுதி செய்துகொள்ள, தாயின் அனுமதியோடு மருத்துவக் குறிப்புகளும் பெறப்படும்.

2012இல் வெளியான அதன் முடிவுகள் பலரின் கண்களைத் திறந்தன. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் வால்புரோயேட் மருந்தை மட்டும் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளில் 9.3 விழுக்காட்டினருக்குப் பெரிய பிறவிக் குறைகள் இருந்தன. லாமோட்ரிஜின் மருந்துக்கு அது 2 விழுக்காடு. வலிப்பு மருந்தே சாப்பிடாத தாய்மார்களிடம் 1.1 விழுக்காடு. ஒரே நோய்க்கான இரு மருந்துகளுக்கிடையே இத்தனை வேறுபாடு! பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களுக்கு வால்புரோயேட் தருவதைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும் என்று இன்று மருத்துவர்கள் சொல்வதற்கு இத்தகைய பதிவேடுகளே துணை நிற்கின்றன. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வரும் வலிப்பு தாயின் உயிருக்கும் சிசுவின் உயிருக்கும் ஆபத்து.

நல்லபடி பிறந்த குழந்தையும் சாட்சிதான்

தாயின் வாய்மொழியை அப்படியே நம்பிவிடலாமா? அதிலும் சிக்கல் உண்டு. குறையோடு குழந்தை பிறந்த தாய், "நான் என்ன செய்தேன், எதைச் சாப்பிட்டேன்?" என்று ஒவ்வொரு நாளையும் தோண்டித் தோண்டி நினைத்துப் பார்ப்பார். ஆரோக்கியமான குழந்தையைப் பெற்றவரோ எல்லாவற்றையும் மறந்திருப்பார். பிரசவத்துக்குப் பின் இருவரையும் கேட்டால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஆகவேதான் முடிவு தெரியுமுன், கர்ப்ப காலத்திலேயே கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இன்னொன்றும் முக்கியம். பிரச்சினை வந்தவர்கள் மட்டுமே தகவல் சொன்னால், பத்துப் பேரில் ஒருவருக்கு வந்ததா, பத்தாயிரத்தில் ஒருவருக்கு வந்ததா என்று கணக்கிட வழியில்லை. "இந்த மருந்தைச் சாப்பிட்டேன், குழந்தை நன்றாக இருக்கிறது" என்று ஒரு தாய் சொல்வதும் அதே அளவுக்கு மதிப்புள்ள தகவல்.

பெனடோல் பற்றிய சர்ச்சை

2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர், கர்ப்பிணிகள் பாராசிட்டமோல் சாப்பிடுவதை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திப் பேசினார். பெனடோலில் இருப்பதும் அதே மருந்துதான். அந்தத் தொடர்பை உறுதிப்படுத்தும் முடிவான ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் உடனே விளக்கம் தந்தது.

2024இல் வெளியான சுவீடன் ஆய்வு ஏறக்குறைய 24 லட்சத்து 80 ஆயிரம் குழந்தைகளை எடுத்துக்கொண்டது. மருந்து சாப்பிட்டவர்களின் பிள்ளைகளிடம் முதலில் சிறு வேறுபாடு தெரிந்தது. ஆனால் ஒரே தாயின் பிள்ளைகளை, மருந்து சாப்பிட்ட கர்ப்பம், சாப்பிடாத கர்ப்பம் என்று பிரித்து ஒப்பிட்டபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. குடும்ப வழியாக வரும் காரணங்களே மருந்தின் தலையில் ஏறியிருக்கலாம் என்பது இதன் பொருள்.

இந்த ஆய்விலும் ஒரு குறை சுட்டிக்காட்டப்பட்டது. அதில் பாராசிட்டமோல் சாப்பிட்டதாகப் பதிவானவர்கள் 100க்கு 7 அல்லது 8 பேர்தான். கர்ப்பிணிகளுக்கே பலமுறை கேள்வித்தாள் கொடுத்த நார்வே ஆய்விலோ ஏறக்குறைய பாதிப் பேர் சாப்பிட்டதாகச் சொல்லியிருந்தார்கள். ஹாம்பர்க்கில் நடந்தது போலவே, "சாதாரண மாத்திரைதானே" என்று பலர் சொல்லாமல் விட்டிருக்கக்கூடும். கடுமையான காய்ச்சலை அப்படியே விடுவதும் சிசுவுக்கு நல்லதல்ல. எனவே தேவைப்படும்போது, மருத்துவர் சொன்ன அளவில், குறைந்த நாட்களுக்கு என்பதே இன்றைய ஆலோசனை.

வீட்டில் தொடங்கும் ஆய்வு

மலேசியாவில் மருந்தின் பக்கவிளைவுகளை மருத்துவர் மட்டுமன்றி, பயனீட்டாளரும் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவுக்கு நேரடியாகத் தெரிவிக்கலாம். அதற்கெனத் தனிப் பாரம் இருக்கிறது. அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மருந்தின் பெயர், அளவு, எத்தனையாவது வாரம், எத்தனை நாள், எதற்காக என்ற ஐந்தையும் கர்ப்பிணி ஒரு சிறு நோட்டில் எழுதிவைப்பதுதான் அது. கஷாயம், ஜாமு, சத்து மாத்திரை எதையும் விட்டுவிடக் கூடாது.

கிளினிக்கில் தாதி "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கும்போது, திட்டுவார்களோ என்ற அச்சத்தில் பலர் "ஒன்றுமில்லை" என்று தலையாட்டிவிடுகிறார்கள். நாட்டு மருந்து சாப்பிட்டதைச் சொன்னால் மாமியாரைக் காட்டிக் கொடுத்ததாகிவிடுமோ என்று தயங்குபவர்களும் இருக்கிறார்கள். கேட்பவர்கள் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். குடும்பத்தார் தடுக்காமல் இருக்க வேண்டும். தாயும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று ஒரு தாய் உண்மையாகச் சொல்லும் ஒரு வரி, நாளை அதே மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கப் போகும் இன்னொரு தாய்க்குப் பதிலாக அமையும்.