எடுத்த படமும் கணக்கில் ஏற வேண்டும்



2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த பெருமழையை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். எங்கள் தென்னேரி போன்ற ஊர்களில் ஏரி நிரம்பினால் விவசாயிக்கு மகிழ்ச்சி; தாழ்வான இடத்தில் கிடங்கு வைத்திருப்பவருக்கோ தூக்கம் போய்விடும்.

இப்போது சரக்கு நனைந்தாலும், லாரியில் மூட்டை கிழிந்து வந்தாலும், உடனே செல்போனில் படம் எடுத்துவிடுகிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் படங்கள் பேரன் பிறந்தநாள் படங்களோடும் காலை வணக்கப் படங்களோடும் கலந்து கிடந்தால், இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்கும் நேரத்தில் எதை எடுத்துக் காட்டுவது? படம் எடுப்பது சிட்டையில் குறிப்பது போல. அதை வகைப்படுத்துவதுதான் பேரேட்டில் ஏற்றுவது. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இது:

1. படம் எடுத்த அன்றே, கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்கு மாற்றி விடுகிறோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, மூட்டை மேல் உள்ள எழுத்து மங்கும். எடுத்த தேதி, நேர விவரமும் போய்விடும்.

2. ஆட்டம் கண்ட படங்களை மட்டும் நீக்குகிறோம். கிடங்கு முழுவதும் தெரியும் படம், அடுக்கின் படம், மூட்டை அடையாளம் தெரியும் படம் ஆகிய மூன்றும் வேண்டும். மூலப்படத்தில் எந்தத் திருத்தமும் செய்வதில்லை.

3. ஃபோல்டருக்கு 2025-11-18 என்று ஆண்டு, மாதம், தேதி வரிசையில் பெயர் வைக்கிறோம். தேதியை முதலில் எழுதினால், எல்லா மாதத்து 1ஆம் தேதிகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

4. படத்தின் பெயரில் சரக்கு, எண்ணிக்கை, பில் நம்பர் மூன்றும் இருக்கும். பில் நம்பரில் சாய்கோடு இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்காது. சிறு கோடு போட்டுக்கொள்ளலாம்.

5. அதே விவரத்தை ஸ்டாக் புத்தகத்திலும் எழுதுகிறோம்.

பில் நம்பர் எதற்கு என்று கேட்கலாம். ஜி.எஸ்.டி. சட்டம் 17(5) பிரிவின்படி, அழிந்துபோன சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். எந்த பில்லில் வந்த எத்தனை பெட்டி சோப்பு, எத்தனை டின் எண்ணெய் வீணானது என்று தெரிந்தால்தான் சரியான தொகையைத் திருப்ப முடியும். தெரியாவிட்டால் ஒன்று கூடுதலாகக் கட்டுவோம், அல்லது பிறகு வட்டியோடு கட்டுவோம்.

அச்சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. இழப்பைக் காட்டும் படங்களையும் அதுவரை காப்பதே புத்திசாலித்தனம். வழக்கு என்று வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். எந்தப் போனில் எடுத்தது, மூலப்படம் எங்கே என்பதற்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. படங்களை ஒரு பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்க்கிலோ நகல் எடுத்து, கிடங்கில் அல்லாமல் வீட்டில் வையுங்கள். கிடங்கில் வெள்ளம் புகுந்தால் சரக்கோடு சாட்சியும் நனைந்துவிடும் அல்லவா?

கடை அடைத்தபின் கால் மணி நேரம் போதும். உறுப்பினர்கள் இன்றிரவே தொடங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.