இரட்டை நாயனமும் இணைந்த சர்வர்களும்

"சர்வர் டவுன், சாயங்காலமா வாங்க." சான்றிதழ் வாங்கப் போய் இதைக் கேட்காமல் திரும்பியவர் காவிரி டெல்டாவில் அபூர்வம். ஆனால் வங்கிக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது.

கும்பகோணத்தில் 1904-ஆம் ஆண்டு தொடங்கி, இன்றும் அங்கேயே தலைமையகம் வைத்திருக்கும் சிட்டி யூனியன் வங்கியை எடுத்துக்கொள்வோம். பேரேட்டுக் காலத்தில் கிளைக்குக் கிளை கணக்கு தனி. ஓரிடத்தில் தடங்கல் என்றால் அந்தக் கிளையோடு போயிற்று. கோர் பேங்கிங் வந்தபின் எந்த வங்கியிலும் எல்லாக் கிளைகளின் கணக்கும் ஒன்றாகிவிட்டது. நடுவில் இருப்பது நின்றால் ஊர் ஊராக நிற்கும்.

அதனால்தான் பல சர்வர்களைப் பிணைத்து, வெளியே ஒன்றுபோல் காட்டும் கிளஸ்டர் முறை. அமெரிக்காவின் டாண்டம் நிறுவனம் 1976-இல் விற்கத் தொடங்கிய 'நான்ஸ்டாப்' கணினியிலேயே இந்த எண்ணம் உண்டு. 1983-இல் டெக் நிறுவனத்தின் 'வாக்ஸ் கிளஸ்டர்' தனித்தனிக் கணினிகளைக் கோத்துக் காட்டியது.

கல்யாண வீட்டில் நாயனக்காரரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வாய் வைத்து ஊதும் சீவாளிகள் சில, உபரியாக வாத்தியத்தில் நூலில் தொங்கும். சீவாளி விண்டால் மாற்றலாம், ஆனால் அதுவரை வாசிப்பு நிற்கும். அலமாரியில் மாற்று சர்வர் வைத்திருப்பது இந்த ரகம். இரட்டை நாயனம் வேறு. ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் பிடித்துக்கொள்வார். கேட்பவருக்கு இடைவெளியே தெரியாது. திருவீழிமிழலை சகோதரர்கள் பெயர் பெற்றது இந்த வாசிப்பில்தான். கிளஸ்டர் இந்த இரண்டாவது ரகம்.

கணக்கும் துணை நிற்கிறது. நூற்றுக்கு 99 பங்கு நேரம் ஓடும் சர்வர், ஆண்டில் மூன்றரை நாளுக்கு மேல் படுத்திருக்கும். அப்படி இரண்டு இருந்து, ஒன்றின் கோளாறு மற்றதைத் தொடாது என்றால், இரண்டும் சேர்ந்து படுப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 53 நிமிடம்தான்.

இரண்டாவது இயந்திரம் வாங்குவது பெரிய காரியமில்லை. முதலாவது செத்துவிட்டதா என்று தெரிந்துகொள்வதுதான் பெரும்பாடு. இரண்டும் 'நான் இருக்கிறேன்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். இதற்கு 'ஹார்ட்பீட்' என்று பெயர். அது கேட்காமல் போனால்? இயந்திரம் விழுந்திருக்கலாம், நடுவிலுள்ள கம்பி மட்டும் அறுந்திருக்கலாம். கம்பி அறுந்ததைச் சாவென்று நினைத்து இரண்டும் ஒரே கணக்கில் எழுதத் தொடங்கினால், நெல் விற்ற பணத்தை ஒன்று கொடுத்துவிட்டிருக்கும். மற்றதன் ஏட்டில் அது அப்படியே இருக்கும். சர்வர் நிற்பதைவிட இது மோசம். ஆகவே மூன்றாவதாக ஒரு ஓட்டு வைக்கிறார்கள். பெரும்பான்மை எந்தப் பக்கமோ அதுவே எழுதலாம். சந்தேகத்துக்குரிய இயந்திரத்தின் மின்சாரத்தை முதலில் துண்டித்துவிட்டு, பிறகே பொறுப்பேற்பதும் உண்டு. இதற்கு 'ஃபென்சிங்' என்று பெயர், நம் பேச்சில் வேலி. மாட்டை விரட்டியபின் நாற்று நடுவது போல.

ஆனால் இரண்டு சர்வரும் ஒரே கட்டடத்தில், ஒரே மின்கம்பியில் இருந்தால் அந்த 53 நிமிடக் கணக்கு பொய். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்தது போன்ற வெள்ளம் ஒரு சர்வரை விட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் தேர்ந்தெடுக்காது. வங்கிகள் தொலைவில் வேறொரு ஊரில் இன்னொரு மையம் வைத்து, அவ்வப்போது வேலையை அங்கே மாற்றி ஓட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

அதுவும் போதாத நாள் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து மின்கம்பங்களைச் சாய்த்தபோது, வெளியூர் சர்வர்கள் ஓடினாலும் இங்கே அவற்றைத் தொட வழியில்லை. அடுத்த முறை யாராவது "சர்வர் டவுன்" என்றால், சர்வரா லைனா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.