வாய் என்னும் வாயில்

ஹாலந்து நாட்டின் டெல்ப்ட் நகரத்துத் துணி வணிகர் அந்தோனி வான் லேவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த சிறு கண்ணாடி வில்லையால் நுண்ணுயிர் உலகைக் கண்டவர். 1681-ஆம் ஆண்டில் தம் மலத்தையும், 1683-ஆம் ஆண்டில் தம் பல்லிடுக்கில் படிந்திருந்த அழுக்கையும் அவர் ஆராய்ந்தார். இரண்டிலும் சிற்றுயிர்கள் அசைவதைக் கண்டு வியந்தார். வாயில் வாழும் கூட்டத்திற்கும் குடலில் வாழும் கூட்டத்திற்கும் உள்ள உறவோ, இந்த நூற்றாண்டில்தான் மெல்லத் துலங்கி வருகிறது.

நாள்தோறும் நாம் ஏறத்தாழ ஒரு லிட்டர் உமிழ்நீரை விழுங்குகிறோம். அதனுடன் கோடானுகோடி நுண்ணுயிர்களும் உள்ளே செல்கின்றன. ஆயினும் நலமுள்ள உடலில் அவற்றுள் மிகச் சிலவே பெருங்குடலில் குடியேறுகின்றன. ஏன்? வழியில் இரு காவல்கள் உள்ளன. முதற் காவல், இரைப்பையில் சுரக்கும் அமிலம். வருபவற்றுள் பெரும்பாலானவற்றை அது அழித்துவிடும். இரண்டாம் காவல், குடலில் முன்பே வாழும் நல்ல நுண்ணுயிர்கள். அவை புதியவற்றுக்கு இடமும் உணவும் விட்டுக்கொடுப்பதில்லை.

இக்காவல்கள் தளரும்போது நிலைமை மாறுகிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை உட்கொள்வோரின் குடலில் வாய் நுண்ணுயிர்கள் மிகுந்திருப்பதை 2016-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டிற்று. கல்லீரல் சுருங்கிய நோயாளிகளிடமும் இதே நிலையைச் சீன அறிஞர்கள் 2014-இல் கண்டனர். ஈறுகளில் வாழும் பியூசோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிர், பெருங்குடற் புற்றுக்கட்டிகளில் மிகுதியாக இருப்பது 2012-இல் வெளியாயிற்று. அதன் ஒரு பிரிவு அமிலத்தையும் தாங்கவல்லது என அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆய்வாளர்கள் 2024-இல் எடுத்துரைத்தனர்.

இதனால் ஈறு நோயுள்ளோர்க்கெல்லாம் புற்றுநோய் வரும் என அஞ்சவேண்டியதில்லை. கட்டியில் அவ்வுயிர் காணப்படுவது வேறு. அதுவே நோயைத் தொடங்கி வைத்தது என்பது வேறு. வாயிலுள்ளவை அனைத்தும் பகைவருமல்ல. கீரைகளிலுள்ள நைட்ரேட்டை மாற்றி, இரத்த அழுத்தம் சீராயிருக்க உதவும் நண்பர்களும் அங்கே உண்டு. ஆகவே கிருமிகளை அடியோடு ஒழிப்பதன்று, அளவோடு வைத்திருப்பதே நம் கடமை.

காலையைப்போலவே இரவிலும் பல் துலக்குவோம். ஈறில் இரத்தம் கசிந்தால், 'வயதானால் இப்படித்தான்' என்று தள்ளிவிடாமல் பல் மருத்துவரிடம் காட்டுவோம். வயிற்றெரிச்சலுக்கான மாத்திரையை ஆண்டுக்கணக்கில் நாமாக வாங்கி உண்பதும், மருத்துவர் தந்ததை நாமாக நிறுத்துவதும் தகாது. இல்லத்திலுள்ள முதியோரின் கட்டுப்பல்லை இரவில் கழற்றிக் கழுவிவைக்கவும், படுக்கையில் உள்ளவர்களின் வாயை நாள்தோறும் துடைத்துவிடவும் மறவாதிருப்போம். நேரத்தில் உணவூட்டுவதைப் போன்றே, அவ்வுணவு நுழையும் வாயிலைத் தூய்மை செய்வதும் அன்பின் பணியே.