திருவிழாப் பயணத்தில் வீட்டு நாய்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

“வண்டிக்கு அடியில் நடக்கும் நாய், தானே வண்டியை இழுப்பதாக நினைக்குமாம்” என்று பெரியவர்கள் கேலியாகச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். வீண் பெருமை பேசுகிறவர்களைக் குறித்துச் சொல்லும் வார்த்தை அது. ஆனால் என் தாத்தா அதைக் கேட்டால் சிரிக்கமாட்டார். “அந்த நாய்க்கு நிழலும் உண்டு, துணையும் உண்டு. மாடு நடக்கிற நடைதான் அதற்கும். இப்போது டிராக்டர் ஓடுகிற ஓட்டத்தில் நாயை எங்கே கட்டுவீர்கள்?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எங்கள் குடும்பம் சென்ற ஆண்டு பெரிய துன்பத்தில் அகப்பட்டுக்கொண்டது. அந்த அனுபவத்தையும், அதன்பின் நாங்கள் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். நாய் வளர்க்கும் தோழியருக்கும், அவர்கள் பெற்றோருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

சேத்தியாத்தோப்பில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு நிலமும், ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டரும் உண்டு. தை மாதம் கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையின் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் போவோம். வீரமாமுனிவரின் பெயரோடு சேர்ந்து விளங்கும் திருத்தலம் அது என்பதை நம் பள்ளியில் அறியாதவர் இல்லை. பாத்திரம், அரிசி, பாய், தார்ப்பாய் எல்லாம் டிராக்டரின் டிரெய்லரில் போகும். டிரெய்லரில் ஆட்கள் ஏறிச் செல்வது சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட. ஆகவே நாங்கள் விருத்தாசலம் வழியாகப் பஸ்ஸில் போய்ச் சேருவோம். போன இடத்தில் டிரெய்லரின் பக்கத்திலிருந்து தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் அதுதான் இரண்டு நாளைக்கு எங்கள் வீடு.

சென்ற ஆண்டு எங்கள் நாய் மணியையும் கொண்டு போனோம். வீட்டில் சோறு வைக்க ஆளில்லை என்பதே காரணம். மணி உயர்ந்த ஜாதி நாய் அல்ல. செவலை நிறத்தில் ஒரு நாட்டு நாய். யாரையும் கடித்ததில்லை.

முதல் நாள் மாலை அதை டிரெய்லரின் சக்கரத்தில் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டினோம். இருட்டியதும் எங்கோ பக்கத்தில் யாரோ வெடி வெடித்தார்கள். மணி மிரண்டு சக்கரத்தைச் சுற்றியது, அச்சுக்கு அடியில் புகுந்தது, மறுபடியும் சுற்றியது. கயிறு குறுகிக் குறுகிக் கழுத்தை நெரித்தது. அது திணறும் சத்தம் கேட்டு, ஏழு வயதான என் தம்பி அவிழ்த்துவிடப் பாய்ந்து ஓடினான். அச்சத்தில் அது யாரென்று பார்க்குமா? அவன் கையைக் கடித்துவிட்டது.

கூட்டம் கூடிவிட்டது. “இந்த நாயை அடித்துக் கொல்லுங்கள்” என்றார் ஒருவர். “சுண்ணாம்பு தடவுங்கள்” என்றார் மற்றொருவர். எங்கள் ஆயா ஒருவர்தான் நிதானமாக இருந்தார். தம்பியை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். அப்பா உடனே அவனை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்.

ஆயா செய்ததே சரி என்று டாக்டர் பாராட்டினாராம். நாய் கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குறைந்தது 15 நிமிடம் கழுவவேண்டும். வெறிநோய்க் கிருமியில் பெரும்பகுதி அதிலேயே அழிந்துபோகும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய், காப்பிப்பொடி எதையும் வைக்கக்கூடாது. இறுக்கிக் கட்டும் போடக்கூடாது. தாமதமின்றித் தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும். முற்காலத்தில் வயிற்றைச் சுற்றி நாள்தோறும் குத்திய ஊசிகள் இப்போது இல்லை. டாக்டர் குறித்துக் கொடுக்கும் சில நாட்களில் கையில் ஊசி போடுகிறார்கள். ஆனால் ஒன்றையும் தவறவிடக்கூடாது. ஏனெனில் வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது.

1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி லூயி பாஸ்டர் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இந்த ஊசிமுறையைக் கையாண்டு அவனைக் காப்பாற்றினார். அவர் பெயரால் நம் நீலகிரியில் குன்னூரில் 1907-ஆம் ஆண்டு ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. பாடத்தில் இவற்றைப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தம்பி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பாஸ்டரின் பெருமை விளங்கியது.

மணியைக் கொல்லக்கூடாது, கட்டிவைத்து 10 நாட்கள் கவனிக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். கடித்தபோதே நாயின் உமிழ்நீரில் நோய்க்கிருமி இருந்திருந்தால், அந்த நாய் 10 நாட்களுக்குள் நோய் முற்றி இறந்துவிடும். நலமாக இருந்தால் பயமில்லை. ஆனால் அதுவரை காத்திருந்து பிறகு ஊசி போடலாம் என்று ஒருவரும் எண்ணிவிடக்கூடாது. ஊசி முதல் நாளே தொடங்கவேண்டும். மணிக்கு நாங்கள் அதுவரை தடுப்பூசி போட்டிருக்கவில்லை. அது எங்கள் குற்றமே. அந்தப் பத்து நாட்களும் அம்மா சரியாக உறங்கவில்லை. நான் ஒவ்வொரு நாள் காலையும் மணி தண்ணீர் குடிக்கிறதா என்று பார்த்துவிட்டே பள்ளிக்கு வந்தேன். பதினோராம் நாள் அது வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து நின்றபோது, தம்பியே போய் அதற்குச் சோறு வைத்தான்.

கடித்தது மணி என்றாலும், பிழை கட்டியவர்களுடையது அல்லவா? ஆகவே எப்படிக் கட்டுவது என்று விசாரித்தோம். அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக் கிடை போட இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் உண்டு. ஆண்டில் பெரும்பகுதியை வெட்டவெளியில் நாய்களோடு கழிக்கிறவர்கள் அவர்கள். எங்கள் வயலில் கிடை போட்ட ஒரு பெரியவரிடம் அப்பா கேட்டார். அவர் சொன்னதையும், கால்நடை மருத்துவர் சொன்னதையும், நாங்களே யோசித்துக் கண்டதையும் கீழே தருகிறேன்.

முதலாவது: சக்கரத்திலோ மரத்திலோ நேராகக் கட்டக்கூடாது. இதற்குக் கணக்கே சாட்சி. ஒரு மரத்தின் சுற்றளவு 1 மீட்டர், கயிறு 2½ மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாய் இரண்டு முறை சுற்றினால் 2 மீட்டர் கயிறு மரத்துக்குப் போய்விடும். மிச்சம் அரை மீட்டர்! நாய் சுற்றச் சுற்ற அதன் கழுத்து மரத்தை நெருங்குகிறது. பயந்த நாய் எதிர்ப்பக்கம் சுற்றி அவிழ்த்துக்கொள்ளும் அறிவோடு இருக்காது.

இரண்டாவது: கழுத்தில் சுருக்கு முடிச்சு போடவே கூடாது. இழுக்க இழுக்க அது இறுகும். அகலமான தோல் பெல்ட் நல்லது. பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழையவேண்டும். அதற்குமேல் தளர்ந்தால் நாய் தலையை உருவிக்கொள்ளும்; இறுகினால் மூச்சு முட்டும். சங்கிலியை மாட்டும் கொக்கி, எந்தப் பக்கம் திரும்பினாலும் தானே சுழல்வதாக இருக்கவேண்டும். அப்போதுதான் முறுக்கு விழாது.

மூன்றாவது: ஓடு கயிறு. கிடைக்காரப் பெரியவர் சொன்னதில் இதுதான் மிகச் சிறந்தது. இரண்டு மரங்களுக்கு நடுவே உயரத்தில் ஓர் உறுதியான கயிற்றை இழுத்துக் கட்டி, அதில் ஓர் இரும்பு வளையத்தைக் கோத்து, நாயின் சங்கிலியை அந்த வளையத்தில் மாட்டுவது. நாய் நடக்க நடக்க வளையம் கூடவே ஓடும். மரத்தருகே போய்ச் சுற்றிக்கொள்ளாதபடி, மேல் கயிற்றில் இரு பக்கமும் பெரிய முடிச்சுகள் போட்டு வளையத்தைத் தடுத்துவிடவேண்டும்.

இதையும் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். மேல் கயிறு தரையிலிருந்து 2½ மீட்டர் உயரம். நாயின் கழுத்து அரை மீட்டர் உயரம். ஆகவே இடையே 2 மீட்டர். சங்கிலி 2½ மீட்டர். பிதாகரஸ் தேற்றத்தின்படி நாய் பக்கவாட்டில் 1½ மீட்டர் போகலாம். வளையம் ஓடும் நீளம் 8 மீட்டர் என்றால், நாய்க்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 31 சதுர மீட்டர். அதே சங்கிலியைத் தரையில் ஒரு முளையில் கட்டினால் சுமார் 19½ சதுர மீட்டர்தான். மரங்கள் 12 மீட்டர் இடைவெளியில் இருந்து, முடிச்சுகளை இரு மரங்களுக்கும் 2 மீட்டர் தள்ளிப் போட்டால் நாய் மரத்தைச் சுற்ற முடியாது. புல் மேயும் மாட்டைப் பற்றி நாம் வகுப்பில் போடும் கணக்கு வீட்டுக்கு உதவாது என்று இனி யாரும் சொல்லவேண்டாம்! கயிறு சிறிது தொய்யும், நாயின் முன்கால்களும் நீளும். ஆகவே அடுப்பு, பாத்திரம், குழந்தைகள் படுக்கும் பாய் ஆகியவை கயிற்றிலிருந்து 3 மீட்டருக்கு அப்பால் இருக்கவேண்டும். இரண்டு நாய்கள் இருந்தால் ஒன்றையொன்று எட்டாதபடி தனித்தனிக் கயிறு வேண்டும்.

நான்காவது: ஓடும் டிரெய்லரில் நாய். நீளமான கயிற்றில் கட்டினால், நாய் பக்கப்பலகையைத் தாண்டிக் குதித்து, கால் தரையில் எட்டாமல் தொங்கிவிடும். ஓட்டுகிறவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. ஆகவே பலகையின்மேல் முன்கால் வைக்கமுடியாத அளவு குட்டையாக, நடுவில் கட்டவேண்டும். கம்பிக் கதவுள்ள கூண்டு இன்னும் நல்லது. கூண்டையும் நகராமல் கட்டவேண்டும். வெயிலில் இரும்புத் தளம் சுடும். வைக்கோலும் நனைத்த சாக்கும் விரிக்கவேண்டும். மணிக்கு ஒருமுறையாவது நிறுத்திப் பார்க்கவேண்டும். நின்ற இடத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்கவேண்டும். மறுபடி புறப்படுமுன் அடியில் நாய் படுத்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டும்.

ஐந்தாவது: நிழலும் தண்ணீரும். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்குப் பாதங்களின் அடியில் மட்டுமே சிறிது வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காலையில் நிழலாக இருக்கும் இடம் பகலில் வெயிலாகிவிடும். கட்டப்பட்ட நாய் எழுந்து வேறு இடம் போகமுடியாது. அதற்காக நாம்தான் யோசிக்கவேண்டும். கதவடைத்த காருக்குள் நாயை விட்டுப் போவது மிகவும் கொடிது. தண்ணீர்ப் பாத்திரம் எளிதில் கவிழாததாக இருக்கட்டும். விருத்தாசலத்தில் வாங்கிய கனத்த பீங்கான் கிண்ணம் ஒன்றை மணிக்கு வைத்திருக்கிறோம். வெந்த கோழி எலும்பை மட்டும் போடாதீர்கள். அது கூர்மையாக உடைந்து குடலைக் குத்தும்.

ஆறாவது: முதல் ஒரு மணி நேரம் ஒருவர் அருகில் உட்காரவேண்டும். புது இடம், புது வாடை, புதுச் சத்தம் எல்லாம் நாயைக் கலங்கச் செய்யும். வாணவேடிக்கை உண்டென்று தெரிந்தால் அதற்கு முன்பே டிரெய்லரில் ஏற்றிக் கட்டி, தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். சிக்கிக்கொண்ட நாயைக் குழந்தைகள் அவிழ்க்கப் போகக்கூடாது, பெரியவர்களைக் கூப்பிடவேண்டும். இதை வீட்டிலுள்ள தம்பி தங்கைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தடுப்பூசி. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடவேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் போட்டுவரவேண்டும். கயிறு அறுந்தாலும் இந்தக் காவல் அறாது.

இந்த ஆண்டு தை மாதமும் மணி எங்களோடு வந்தது. இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே ஓடு கயிறு கட்டினோம். தாத்தா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வண்டி அடி நிழல் போல வராது. ஆனாலும் பரவாயில்லை” என்றார். வெடிச் சத்தம் கேட்குமுன் அப்பா மணியை டிரெய்லரில் ஏற்றிக் கட்டி, அதன் தலையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். தேரைப் பார்க்க அவர் வரவில்லை.

மறைக்கல்வி வகுப்பில் தோபித்து நூலைப் படித்தோம். இளைஞன் தோபியா இரபேல் தூதருடன் நெடும்பயணம் புறப்பட்டபோது அவனுடைய நாயும் உடன் சென்றது. வீடு திரும்பும்போதும் அந்த நாய் கூடவே வந்தது என்று அதில் காண்கிறோம். முன்பெல்லாம் அந்த வரியை நான் கவனித்ததில்லை. கூட்டிச் சென்ற பிராணியைப் பத்திரமாக வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவருவது நம் கடமை என்பதை இப்போது அறிந்துகொண்டேன். நாம் கட்டுகிற கயிறு நம் நாய்க்கும் காவலாக இருக்கட்டும். நம்மை நாடி வரும் பிள்ளைகளுக்கும் காவலாக இருக்கட்டும்.